ஒன்று தசம் நாலு மீற்றர்

காரைநகருக்கு வடமேற்கே ஆறு கடல்மைலில்
மஞ்சள் மிதவை ஒன்று. அதன் தலையில்
ஒளியை மேலே எறிந்து காற்றை அளக்கும் பெட்டி.
நூறு மீற்றர் உயரத்தில் என்ன வேகம், எந்தத் திசை,
பத்து நிமிடத்துக்கு ஒரு வரி.
சோழகம் என்ற பேர் அதற்குத் தெரியாது,
இருநூற்றிருபத்தெட்டு பாகை என்று எழுதும்.
வாடையையும் அப்படித்தான், கொண்டலையும்.
அச்செடுத்த தாளில் நான் பென்சிலால் பெயர் வைப்பேன்,
பிறகு அழிப்பேன்.

எரிபொருள் இல்லாமற்போன வருடம்
ஆனி நடுவில் நினைவட்டை நிறைந்தது.
நிறைந்ததும் பெட்டி எழுதுவதை நிறுத்திவிட்டது.
போய் மாற்றவேண்டும். போவதற்கு யூட் பெனடிற்றின் வள்ளம்,
வள்ளத்துக்கு மண்ணெண்ணெய்.
மூன்று நாள் ஊர்காவற்றுறை வரிசையில் கானை வைத்து
அதிலேயே தலைசாய்த்துக் கிடந்து
பத்து லீற்றரோடு வந்தான்.
"உங்கட காத்துக்கோ, என்ர வலைக்கோ?"

வலைக்கு என்றேன்.

நாற்பத்தொரு நாள்.
வருடத்தின் ஆகப் பெருங்காற்று அப்போதுதான் அடித்தது.
பக்கத்து வளவுத் தகரம் பறந்துவந்து
எங்கள் கிணற்றுக்கட்டில் விழுந்தது.
கரண்ட் இல்லாத இருட்டில் படுத்தபடி
எத்தனை மெகாவாற் தலைக்கு மேலால் போகிறதென்று
விரலில் எண்ணினேன்.

பேர்கனிலிருந்து மேற்பார்வையாளர் எழுதினார்:
செய்மதித் தரவால் நிரப்பு, எல்லாரும் செய்வதுதான்.
நிரப்பினேன். ஒரு மாலையில் முடிந்தது.
ஏழு தசம் ஒன்பது, எட்டு தசம் இரண்டு,
தகரம் பறந்த இரவுக்கும் எட்டு தசம் இரண்டு.
கோடு அழகாய் ஓடியது.
ஓர் இடத்திலும் மூச்சு வாங்கவில்லை.

ஐப்பசியில், வாடை தொடங்குமுன்,
கடலடிப் பாறையைத் துளைக்கப் புத்தளத்திலிருந்து
நவ்ஷாட் வந்தான், தெப்பமும் துளைபொறியுமாய்.
"யாழ்ப்பாணம் புதிதா?"
"பிறந்தது சோனகதெரு. எட்டு மாசத்தில போனது"
என்றுவிட்டு இயந்திரத்தை முடுக்கினான்.

சுண்ணக்கல் வந்தது, கோல் கோலாய்,
வெள்ளை, மண்ணிறம், இடையிடையே சிப்பி.
நீளப் பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்கினான்.
பதினொன்று தசம் இரண்டில்
தடி தானாகவே இறங்கியது.
பன்னிரண்டு தசம் ஆறில் மறுபடி கல்.
ஒரு பலகையை அளந்து அறுத்து
மார்க்கரால் எழுதினான்: இழப்பு 1.4 மீ.
இரண்டு கற்களுக்கும் நடுவில் அதைக் கிடத்தினான்.

"நெருக்கி வைக்கலாமே" என்றேன், வேண்டுமென்றே.
"வைக்கலாம். வைச்சா, இதுக்குக் கீழ இருக்கிற
எல்லாக் கல்லும் பொய் சொல்லும்."

அந்தப் பொந்து தெரியாமல் தூண் இறக்கினால்
அறுநூறு தொன் எஃகு இருட்டில் படி தவறும்.
ஊற்றுகிற சாந்து எந்த அறைக்குப் போகுமோ,
அதற்கடுத்து எந்த அறையோ.
தத்துவம் இல்லை, இது கணக்கு.

அன்றிரவு செய்மதி எண்களைத் தெரிவுசெய்து அழித்தேன்.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு வரிகள்.
வரைபின் நடுவில் வெள்ளையாய் ஒரு பட்டை திறந்தது.
பிழைவீச்சு அகன்றது. வங்கிக்காரருக்குப் பிடிக்காது.
அடிக்குறிப்பு எழுதினேன்:
ஆனி–ஆடி, தரவு இல்லை. காரணம், மண்ணெண்ணெய்.
பேர்கனிலிருந்து ஒரு கேள்விக்குறி வந்தது,
வேறொரு சொல்லும் இல்லாமல்.

நீளமாய்ப் பதில் எழுதினேன். ஆனாலும்
அந்தப் பத்து லீற்றரில் யூட் கடலுக்குப் போய்வந்து
படலையில் ஒரு பையைக் கொளுவிவிட்டுப் போனதை,
அதற்குள் நாலு ஓரா இருந்ததை,
மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்து வைத்து
முள் பார்த்துத் தின்றதை
அதில் சேர்க்கவில்லை.